சோத்துக்கைப் பக்கம்

அதற்குக் கண் இல்லை. என் குறிப்பேட்டில் அதைப் பற்றி நான் எழுதிய முதல் வரி அதுதான். தலை உண்டு, தலையில் இரண்டு ஜோடி உணர்கொம்புகள் உண்டு, கண் இருக்க வேண்டிய இடத்தில் மட்டும் வழுவழுவென்று வெறும் ஓடு. வெளிச்சமே போகாத ஆழத்தில் பிறந்து வளர்ந்த உயிருக்குக் கண் எதற்கு என்று கேட்டால் எனக்கும் பதில் தெரியாது. ஆனாலும் முதல் முறை நுண்ணோக்கியில் அந்த முகத்தைப் பார்த்தபோது கொஞ்சம் பாவமாகத்தான் இருந்தது.

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் விலங்கியல் சொல்லிக்கொடுக்கும் கௌரவ விரிவுரையாளன் நான். வேலை நிரந்தரமில்லை என்பதை மரியாதையாகச் சொல்வதற்காக வைத்த பெயர் அது. ஆராய்ச்சிக் கப்பலில் வங்கக் கடலுக்குப் போய் வந்த நண்பர் ஒருவர் இதை அனுப்பினார். மீன் துண்டு கட்டிக் கடலடிக்கு இறக்கிய கூண்டில் விழுந்தவற்றில் மற்றதெல்லாம் தெரிந்த இனங்கள், இது ஒன்று மட்டும் எந்தக் கணக்கிலும் வரவில்லை, பொறுமை இருந்தால் பாருங்கள் என்று எழுதியிருந்தார். விரல் நீளக் கண்ணாடிப் புட்டி, உள்ளே எத்தனால், அதன் அடியில் நெல்மணியைவிடக் கொஞ்சம் நீளமாக வெளிறிப்போன ஓர் உடம்பு. இறால் குடும்பத்துக்குத் தூரத்துச் சொந்தம். ஆம்பிபாட் என்பார்கள். இறாலை இரண்டு பக்கமும் கட்டைவிரலால் அமுக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படி இருக்கும்.

கைப்பேசியில் எடுத்த படத்தை அம்மாவிடம் காட்டினேன். முத்துப்பேட்டைப் பக்கமிருந்து சைக்கிளில் வருமே அந்தக் கூனி இறால்தானே இது, இதுக்கா இத்தனை படிப்பு, காயவைத்துக் கத்திரிக்காயோடு போட்டால் ஒரு வேளைக் குழம்புக்குக்கூடக் காணாது என்றாள். அவள் சொன்னதில் தப்பில்லை. உலகத்தில் அந்த இனத்தில் மனிதன் கைக்கு வந்தது அந்த ஒன்றுதான் என்பதை அவளுக்குப் புரியவைக்க எனக்கும் தெம்பில்லை.

ஓர் உயிரை விவரிப்பது என்றால் அதைக் கலைத்துப் போடுவது. ஒவ்வொரு காலாக, ஒவ்வொரு தாடையாகக் கழற்றி, கிளிசரினில் வைத்து, வரைந்து, அளந்து, மயிர்களைக்கூட எண்ணி எழுத வேண்டும். ஒரு பக்கத்தைத்தான் கழற்றுவோம். மறுபக்கத்தைத் தொடாமல் அப்படியே விடுவோம், பின்னால் வருகிறவனும் பார்க்க வேண்டுமே. வாய் உறுப்புகளுக்கு மட்டும் அந்தச் சலுகை கிடையாது, இரண்டு பக்கத் தாடைகளையும் எடுத்தாக வேண்டும். எடுத்ததைத் திரும்ப ஒட்டவைக்க முடியாது. கடையில் விற்கும் ஊசிகள் இந்த வேலைக்குத் தடிமன். பூச்சிகளைக் குத்திவைக்கும் மயிரிழை ஊசியைத் தென்னை ஈர்க்கின் நுனியில் பசைபோட்டு ஒட்டி நானே செய்துகொள்வேன். அந்த ஊசியை நான் இடது கையால்தான் பிடிப்பேன்.

இதைச் சொல்லித்தான் ஆகவேண்டும். நான் பிறவியிலேயே பீச்சாங்கைக்காரன். எழுதுவது, சோறு தின்பது, காசு வாங்குவது, திருநீறு எடுப்பது எல்லாம் அடித்து அடித்து வலது கைக்கு மாற்றப்பட்டவை. யாரும் கண்காணிக்காத வேலைகள் மட்டும் இடது கையிடமே தங்கிவிட்டன. இந்தக் குளறுபடியில் வலது, இடது என்ற சொற்கள் எனக்குச் சட்டென்று விளங்காமலே போய்விட்டன. யாராவது 'வலது பக்கம் திரும்புங்க' என்றால், சோறு பிசைவதுபோல விரல்களை லேசாக ஆட்டிப் பார்ப்பேன். எந்தக் கை பிசைகிறதோ அது வலது. நாற்பத்தைந்து வயதில், முனைவர் பட்டம் வாங்கிய பிறகும் அதே கதைதான். குறிப்பேட்டில்கூட வலதுக்கு 'சோ' என்றும் இடதுக்கு 'பீ' என்றும்தான் எழுதுவேன். சோத்துக்கை, பீச்சாங்கை. என் துறையில் வேலை பார்க்கும் முத்துப்பேட்டைக்கார மேடம் ஒருநாள் என் கண்ணாடித் தகடுகளில் ஒட்டியிருந்த சீட்டுகளைப் படித்துவிட்டு, அடக்க முடியாமல் சிரித்தார். பரீட்சைக்கு வெளியாள் வந்து பார்த்தால் நம் மானம் கப்பலேறும் சார் என்றார்.

என்னை அடித்து மாற்றியவர் அப்பா. ஒரத்தநாட்டுக்குப் பக்கத்தில் ஒரு மிராசுதாரின் பண்ணையில் அப்போது அவருக்கு வேலை. எனக்கு ஐந்து வயது. அறுவடைக் களத்தில் மிராசுதார் ஏதோ நல்ல மனநிலையில் இருந்திருக்கிறார், பொட்டுக்கடலைப் பொட்டலத்தை என்னிடம் நீட்டினார். நான் இடது கையை நீட்டினேன். அவர் பொட்டலத்தைத் தரையில் போட்டுவிட்டு, பிள்ளைக்குப் பீச்சாங்கையை நீட்டப் பழக்கியிருக்கிறாயா என்று அப்பாவைக் கேட்டார். அரிவாளோடு நின்ற இருபது பேர் காதிலும் அது விழுந்தது. அப்பா அந்த இடத்திலேயே என்னை அடித்தார். அன்றிலிருந்து சாப்பாட்டுக்கு முன்னால் என் இடது விரல்களில் வேப்பெண்ணெய் தடவுவது வீட்டில் வழக்கமானது. கடலை மட்டும் கிடைத்ததா என்று கேட்காதீர்கள், கிடைக்கவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் போகவில்லை. மிராசுதார் மேல் அல்ல, அப்பா மேல்.

அந்த அப்பாவுக்குச் சென்ற ஆண்டு சம்பா அறுவடை முடிந்த கையோடு பக்கவாதம் வந்தது. சொந்தமாக வாங்கியிருந்த முக்கால் ஏக்கரின் வரப்பில் விழுந்து கிடந்தவரைத் தூக்கி வந்தார்கள். மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பியபோது வலது காலும் வலது கையும் அவருடையவையாக இல்லை. பேச்சு பாதி குழறியது. சோத்துக்கை போய்விட்டது.

அடுத்து என்ன நடந்திருக்கும் என்று எங்கள் ஊர்க்காரர் யாரைக் கேட்டாலும் சொல்லிவிடுவார்கள். இடது கையால் சாப்பிட மாட்டேன் என்றுவிட்டார். பயிற்சி கொடுக்க வந்த பெண் நயமாகச் சொல்லிப் பார்த்தாள், தன் கையே தனக்கு உதவி என்று பழமொழியெல்லாம் எடுத்துவிட்டாள். வலது கை இனித் திரும்புவது சந்தேகம், இடது கையைப் பழக்கினால்தான் மற்ற முன்னேற்றமும் வரும் என்றாள். அப்பா இடது கையைப் போர்வைக்குள் வைத்துக்கொண்டார். கரண்டி கொடுத்துப் பார்த்தோம். கரண்டியைப் பிடிப்பதும் அதே கைதானே. மூர்க்கனும் முதலையும் கொண்டது விடா. அம்மா மதியம் ஊட்டினாள், காலையும் மாலையும் நான் ஊட்டினேன். பெண்டாட்டியும் பிள்ளையும் ஊட்டிச் சாப்பிடுவதும் அவருக்கு அவமானம். நாலு வாய்க்கு மேல் தலையைத் திருப்பிக்கொள்வார். ஒரு மனிதன் இரண்டு வேளை சாப்பிட மறுத்தால் அது பிடிவாதம். மாதக்கணக்கில் அரை வயிறாகவே கிடந்தால் அதற்குப் பெயர் வேறு. தோள்பட்டை எலும்பு துருத்திக்கொண்டு வந்தது. இப்படியே போனால் நோய் கொல்ல வேண்டியதில்லை, பட்டினியே போதும் என்று மருத்துவர் என்னைத் தனியாக அழைத்துச் சொன்னார்.

நான் ஊட்டுவதிலும் ஒரு சிக்கல். எனக்கு நானே சாப்பிட வலது கை பழகிவிட்டது. இன்னொருவர் வாய்க்கு, அதுவும் கோணிக்கொண்ட வாய்க்கு, குறிபார்த்து ஊட்டுவது நுணுக்கமான வேலை. நுணுக்கமான வேலை என்றால் என் இடது கை தானாக முன்னால் வரும். ஒருநாள் காலையில் பேருந்துக்கு நேரமாகிவிட்ட அவசரத்தில் அப்படித்தான் வந்துவிட்டது. ரசஞ்சோற்றை இடது விரல்களில் எடுத்து நீட்டிவிட்டேன். அப்பா வாயை இறுக மூடிக்கொண்டார். இயங்கும் பாதி, இயங்காத பாதியையும் இழுத்துக்கொண்டு மூடியது. கையைக் கழுவிவிட்டு வலது கையால் எடுத்தும் பார்த்தேன். அன்று அவ்வளவுதான், திறக்கவே இல்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. தட்டைக் கொண்டுபோய் அம்மா முன்னால் வைத்துவிட்டுக் கிளம்பிவிட்டேன்.

கல்லூரியில் மேடத்திடம் புலம்பினேன். தன் வீட்டில் மட்டும் என்ன வாழ்கிறதாம் என்றார் அவர். பீச்சாங்கையால் சாப்பிட்டால் ஷைத்தானும் கூட உட்கார்ந்து சாப்பிடுவான் என்று அவருடைய அத்தா சொல்லிச் சொல்லி, துபாயில் கை உடைந்து கட்டுப்போட்டிருந்த தம்பி பத்து நாள் கூட்டாளிகள் ஊட்டித்தான் சாப்பிட்டானாம். முடியாதவங்களுக்கு மன்னிப்பு உண்டுன்னு அல்லாவே விட்டுட்டான் சார், இந்த மனுஷங்கதான் விட மாட்டேங்குறாங்க என்று சொல்லிவிட்டு, வகுப்புக்குப் போனார்.

இப்படித்தான் அந்த வருடம் என் நாட்கள் போயின. காலையில் ஒரு வாய்க்குக் காத்திருப்பேன், பேருந்து பிடித்துப் போய் இன்னொரு வாயைப் பிரிப்பேன்.

ஆம்பிபாட் உடம்பின் வெளிப்பகுதி கோடை விடுமுறைக்குள் முடிந்துவிட்டது. தலைக்குப் பின்னால் ஏழு கண்டங்கள், ஏழு ஜோடிக் கால்கள். முதல் இரண்டு ஜோடியும் கையாக மாறிய கால்கள். இரையைப் பிடிக்கவும் உணர்கொம்பைத் துடைக்கவும் அவைதான். அடுத்த இரண்டு ஜோடியின் நகங்கள் பின்னோக்கிப் பார்க்கும், கடைசி மூன்று ஜோடியின் நகங்கள் முன்னோக்கிப் பார்க்கும். இரண்டு விதமாகவும் திரும்பிய கால்கள் என்பதால்தான் ஆம்பிபாட் என்றே பெயர். கால்களின் இடுப்புப் பகுதி அகன்று, பக்கவாட்டில் தட்டுத் தட்டாகத் தொங்கும். அந்தத் தட்டுகளை விலக்கினால் உள்ளே ஈர நாக்குகள்போலச் செவுள்கள். அதற்குப் பின்னால் நீந்துவதற்கு மூன்று ஜோடி, எம்பித் துள்ளுவதற்கு மூன்று ஜோடி. முடிவில் நடுவே பிளந்த ஒரு சின்ன வால்மடல். இது பெண். குட்டிகளைச் சுமக்கும் தகடுகள் மார்பில் முளைவிட்டிருந்தன, விளிம்பில் மயிர் வரவில்லை. தாயாகும் வயது வருவதற்குள் கூண்டில் விழுந்திருக்கிறது. குடல் நெஞ்சிலிருந்து வால்வரை ஒரே பையாக விரிந்திருந்தது. செத்து மூழ்கும் மீன் எப்போது மேலிருந்து வரும் என்று தெரியாத இடம், கிடைத்தபோது முட்ட முட்டத் தின்றுவிட்டு மாதக்கணக்கில் பட்டினி கிடக்க வேண்டும். அதற்கென்றே ஆன உடம்பு அது. என் அப்பாவின் உடம்பு அப்படிப்பட்டதல்ல.

ஒரு மாலை, ஊட்டிக்கொண்டே அதைப் பற்றிச் சொன்னேன். பேசிக்கொண்டிருந்தால் ஒரு வாய் கூடுதலாக உள்ளே போகும் என்பதைக் கண்டுபிடித்திருந்தேன். கடலுக்கடியில், இருட்டில், கண் இல்லாமல், மோப்பத்தால் இரையைத் தேடும் என்றேன். கேட்டுக்கொண்டே இருந்தவர், குழறலாக ஒன்று கேட்டார். இரண்டாம் முறை கேட்டபோதுதான் விளங்கியது.

"எந்தக் கையால சாப்புடும்?"

"ரெண்டு கையாலயும்தான்ப்பா."

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். பொய் சொல்லியிருக்கலாம்.

வாய் உறுப்புகளுக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. வாய்க்காலில் தண்ணீர் வந்து, குறுவை பச்சை பிடித்திருந்தது. தாடைகள்தான் இந்த வகையில் முக்கியம். ஒவ்வொரு தாடையிலும் வெட்டும் விளிம்பு ஒன்று, அரைக்கும் மேடு ஒன்று. வெட்டும் விளிம்பை ஒட்டி, அசையக்கூடிய ஒரு சின்னப் பல்தகடு இருக்கும். நான் அதற்கு 'ஆடும் பல்' என்று பெயர் வைத்திருந்தேன். இந்தக் குடும்பத்தில் ஆடும் பல் இடது தாடையில் மட்டும்தான் இருக்கும், வலதில் இருக்காது. தெரிந்த இனங்கள் அத்தனையிலும் அப்படித்தான் என்று படித்திருக்கிறேன். பிணத்தைத் தின்னும் பூச்சிக்கும் சோத்துக்கை, பீச்சாங்கை என்று பிரித்துத்தான் வைத்திருக்கிறது இயற்கை.

அன்று காலையிலும் அப்பா சாப்பிடவில்லை. அந்த எரிச்சலோடுதான் நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தேன். பூச்சியை மல்லாக்கப் படுக்கவைத்து, ஈர்க்கு ஊசியால் ஒரு தாடையை நெம்பி எடுத்தேன். எந்தப் பக்கம்? வழக்கம்போல விரல்களைப் பிசைந்து பார்த்தேன். பிசைந்த கையின் பக்கத்திலிருந்து வந்ததால் 'சோ' என்று சீட்டு எழுதி ஒட்டினேன். மற்றதற்கு 'பீ'. மாலையில் தகடுகளை வரையும்போதுதான் பார்த்தேன். ஆடும் பல் 'சோ'வில் இருந்தது. 'பீ'யில் இல்லை.

நான் படித்தவரை, வலது தாடையில் மட்டும் ஆடும் பல் உள்ள உயிர் அந்தக் குடும்பத்திலேயே கிடையாது. இது உண்மையானால் புது இனம் என்ற பேச்சே சின்னது, புதுப் பேரினம். என்னைப் போன்ற ஒருவனுக்கு ஆயுளில் ஒருமுறை விழும் சீட்டு. வெளிநாட்டில் இருக்கும் ஒரு நிபுணருக்குப் படங்களை அனுப்பினேன். நீங்கள் சொல்வது சரியானால் இது பெரிய செய்தி, பக்கத்தை மட்டும் இன்னொரு முறை சரிபாருங்கள் என்று பதில் வந்தது. முதல் பாதியை நாலைந்து முறை படித்தேன். இரண்டாம் பாதியைப் படித்ததாகவே நினைவில்லை.

அப்பாவிடம் சொன்னேன். உலகத்தில் யாருமே பார்க்காத ஒன்று, நான்தான் பெயர் வைக்கப்போகிறேன் என்றேன். இயங்கும் பாதி முகத்தில் சிரிப்பு வந்தது. அன்று ஒன்பது வாய் சாப்பிட்டார். அதற்குப் பிறகு தினமும் நான் தட்டோடு உட்கார்ந்ததும் முதல் கேள்வி, பேர் வச்சாச்சா என்பதுதான். இன்னும் இல்லைப்பா, யோசிக்கிறேன் என்பேன். அவர் வாயைத் திறப்பார். மூன்று வாரத்தில் கன்னத்தில் கொஞ்சம் சதை தெரிந்தது. அம்மா யாரிடமும் சொல்லாதே, கண்பட்டுவிடும் என்றாள்.

ஆவணி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமைக் காலை. கட்டிலின் ஓரத்தில் எப்போதும்போல அவருக்கு எதிரே உட்கார்ந்து இட்டிலியைப் பிட்டேன். அவருடைய செத்த கை பக்கத்தில் தலையணைமேல் கிடந்தது. என் வலது கைக்கு நேராக அது இல்லை. அது கிடந்தது என் இடது பக்கத்தில். எத்தனையோ மாதமாக அப்படித்தான் கிடந்திருக்கிறது. எதிரே இருப்பவரின் சோத்துக்கை என் பீச்சாங்கைப் பக்கம்தான் இருக்கும், இது யாருக்குத் தெரியாது? நானே முதலாண்டுப் பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியிருக்கிறேன். பக்கம் என்றால் படுத்திருக்கும் உயிரின் பக்கம், பார்ப்பவனின் பக்கம் இல்லை என்று. மல்லாக்கப் படுத்து முகம் என் பக்கமாகக் கிடந்த பூச்சிக்கு நான் என் கையைப் பிசைந்து பக்கம் சொல்லியிருக்கிறேன். எனக்கு இட்டிலி கையிலேயே நின்றுவிட்டது. என்னாச்சு என்று அப்பா கண்ணால் கேட்டார்.

திங்கட்கிழமை முதல் பேருந்தில் போய்த் தகடுகளை எடுத்தேன். தாடையின் வளைவை வைத்து அது எந்தப் பக்கத்தது என்று சொல்லிவிடலாம், ஒற்றைச் செருப்பைப் பார்த்து எந்தக் காலுக்கு என்று சொல்வதுபோல. ஐந்து நிமிட வேலை. அந்த ஐந்து நிமிடத்தை இத்தனை நாள் நான் செலவழிக்கவில்லை. 'சோ' என்று எழுதியிருந்தது இடது தாடை. ஆடும் பல் இருக்க வேண்டிய இடத்தில்தான் இருந்தது. பேரினம் போயிற்று. மிச்சமிருந்த வேறுபாடுகள் காலில் இரண்டு முள், வால்மடலில் ஒரு பிளவின் ஆழம். ஒரே ஒரு உடம்பை, அதுவும் வயதுக்கு வராத ஒன்றை வைத்துக்கொண்டு புது இனம் என்று சொல்ல அவை போதாது. நிபுணருக்கு ஒப்புக்கொண்டு எழுதினேன். இது எல்லோருக்கும் நடப்பதுதான், இன்னொரு உடம்பு கிடைக்கும்வரை காத்திருங்கள் என்று மரியாதையாக எழுதியிருந்தார். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டவில்லை. கலைத்துப்போட்ட பூச்சியை மறுபடி புட்டிக்குள் இட்டு, 'இனம் தெரியவில்லை' என்று சீட்டு ஒட்டினேன். மேடம் பக்கத்தில் வந்து நின்றார், அன்று சிரிக்கவில்லை.

எனக்கு வெட்கமாக இருந்தது. அதைவிடப் பயமாக இருந்தது. அப்பா சாப்பிட்டது அந்தப் பெயருக்காக. ஒரு வாரம் ஒப்பேற்றினேன். பேர் வச்சாச்சா என்பார், யோசிக்கிறேன் என்பேன், வாய் திறக்கும். எட்டாம் நாள் காலையில் அவர் அதையே கேட்டபோது எனக்குள் ஏதோ வெடித்துவிட்டது. தட்டைக் கீழே வைத்துவிட்டேன்.

"பேரெல்லாம் ஒன்னும் கெடையாதுப்பா. எனக்குச் சோத்துக்கை எது, பீச்சாங்கை எதுன்னே தெரியல. மாத்தி எழுதிட்டேன். எல்லாம் போச்சு."

குத்திக்காட்டத்தான் சொன்னேன். அது அவருக்கும் தெரிந்தது. அந்த ஆண்டு முழுவதும் பேசியதிலேயே தெளிவாக ஒன்று சொன்னார்.

"நான்தானே தம்பி அடிச்சேன்."

அன்று அவர் சாப்பிடவில்லை, நானும் ஊட்டவில்லை. கல்லூரிக்குப் போய் நாள் முழுவதும் ஒரு வேலையும் செய்யாமல் உட்கார்ந்திருந்தேன். ஐந்து வயதிலிருந்து அவர் வாயிலிருந்து வர வேண்டும் என்று நான் காத்திருந்த சொல் அது. வந்தபோது அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் மாலை வீட்டுக்கு வந்ததும் அம்மா என்னை வாசலிலேயே நிறுத்தினாள். மதியம் ஊட்டப் போனவளை, தட்டை வைத்துவிட்டு வெளியே போ என்று சைகை காட்டினாராம். கதவையும் சாத்தச் சொன்னாராம். அரைமணி கழித்துப் போய்ப் பார்த்திருக்கிறாள்.

"ஒங்கப்பா பீச்சாங்கை விரல்ல சோறு ஒட்டியிருந்துச்சுப்பா. வாயில ஒரு பருக்கை இல்ல. கட்டிலெல்லாம் செதறிக் கெடந்துச்சு. நான் பாத்ததா காட்டிக்கல."

நானும் காட்டிக்கொள்ளவில்லை. அடுத்த நாளும் அதற்கடுத்த நாளும் மதியம் கதவு சாத்தப்பட்டது. நாலாம் நாள் சோற்றைத் தயிர் விட்டுக் குழைத்து, சின்னச் சின்ன உருண்டையாகப் பிடித்து வைக்கும்படி அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனேன். பயிற்சி கொடுக்கும் பெண்ணிடம் சொன்னபோது அவள் கைதட்டிவிட்டாள். இரண்டு உருண்டை குறைந்திருந்தது என்று மாலையில் அம்மா சொன்னாள். எனக்கு அன்று இருந்த சந்தோஷத்தை எந்தப் பேரினமும் கொடுத்திருக்காது. இன்னும் ஒரு மாதம், தீபாவளிக்குள் எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன்.

புரட்டாசி முதல் வாரத்தில், நான் வகுப்பில் இருந்தபோது, பக்கவாதம் இரண்டாவது முறை வந்தது. அம்மா கதவைத் திறந்தபோது கட்டிலில் சாய்ந்த வாக்கில் கிடந்திருக்கிறார். நான் போய்ச் சேருவதற்குள் முடிந்துவிட்டது. அத்தனை நாளில் அவர் அந்தக் கையால் சாப்பிட்டதை நான் ஒருமுறைகூடப் பார்க்கவில்லை. பார்க்கக் கூடாது என்பதுதான் அவருடைய விருப்பம், பார்க்கவில்லை.

மறுநாள் முற்பகல் சுடுகாட்டில் இறக்கி வைத்தார்கள். மழை பெய்து ஓய்ந்து, வாய்க்கால் கரையெல்லாம் சேறு. சடங்கு செய்து வைத்தவர் முகத்துணியை விலக்கி, அரிசித் தட்டை என்னிடம் நீட்டினார். மூத்த பிள்ளை மூன்று முறை வாய்க்கரிசி போட வேண்டும். ஆறேழு மாதப் பழக்கம், என் வலது கை தானாக அரிசியை அள்ளி அப்பாவின் வாய்க்குக் குறிபார்த்துப் போனது. சடங்கு செய்து வைத்தவர் என் மணிக்கட்டைப் பிடித்து நிறுத்தினார்.

"சாவுக்குச் சோத்துக்கை ஆகாதுங்க. பீச்சாங்கையால போடுங்க."

எனக்குச் சட்டென்று விளங்கவில்லை. விளங்கியதும் அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். சுற்றி நின்ற ஊர்க்காரர்கள் சோகத்தில் தடுமாறுகிறான் என்று நினைத்துத் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். அரிசியை இடது கைக்கு மாற்றினேன். தாடையைச் சேர்த்துத் துணி கட்டியிருந்தும் இயங்காத பக்கத்தில் உதடு கொஞ்சம் விலகியே இருந்தது. அந்த இடைவெளியில் முதல் பிடியைப் போட்டேன். கொஞ்சம் நின்று பார்த்தேன். அப்பா வாயை மூடிக்கொள்ளவில்லை. மிச்ச இரண்டு பிடியையும் போட்டேன்.